72 மணித்தியாலமும் தேங்காய் எண்ணெயும்: கிழக்கில் எச்.ஐ.வி. ஆபத்து எங்கே கூடுகிறது?

சனிக்கிழமை இரவு 11 மணிக்கு ஆணுறை கிழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த நிமிடத்திலிருந்து ஒரு கணக்கு ஓடத் தொடங்குகிறது. செவ்வாய் இரவு 11 மணிக்கு முடிகிறது. இந்த 72 மணித்தியாலத்துக்குள் மருந்து தொடங்கினால் எச்.ஐ.வி. உடம்பில் நிலைகொள்ளாமல் தடுக்கலாம். முதல் 24 மணித்தியாலத்துக்குள் என்றால் இன்னும் நல்லது. ஆனால் ஞாயிறு பாலியல் நோய்க் கிளினிக் பூட்டு. திங்கள் போயா லீவாகவும் இருக்கலாம். செவ்வாய்க்கிழமை வேலைத்தளத்தில் என்ன சொல்லி லீவு எடுப்பது, வீட்டில் என்ன சொல்லி பஸ் ஏறுவது, கிளினிக் வாசலில் மாமாவின் மகள் தாதியாக நின்றால் என்ன செய்வது என்று யோசித்துக் கொண்டிருக்கும்போதே கணக்கு முடிந்துவிடுகிறது.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஆண்களோடு உறவு கொள்ளும் இளைஞர்களுக்கு எச்.ஐ.வி. ஆபத்தைக் கூட்டுவதில் இந்தத் தாமதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மருந்து இருக்கிறது, பரிசோதனை இருக்கிறது, இரண்டும் அரச சேவையில் இலவசம். அவற்றுக்கும் இளைஞனுக்கும் நடுவே நிற்பது ஒளிப்பு. ஒளிப்பு எந்தெந்த இடத்தில் நேரத்தைத் தின்கிறது, அந்த இடத்தில் என்ன செய்யலாம் என்பதைத்தான் இங்கே விரிவாகப் பார்க்கிறோம்.

முதலில் அந்தச் செவ்வாய்க்கிழமைக் கணக்கை முடிப்போம். சம்பவத்துக்குப் பின் எடுக்கும் இந்த மருந்துக்கு ‘பெப்’ என்று பெயர். மூன்று மருந்துகளின் கூட்டு. பொதுவாக டெனோஃபோவிர், லமிவுடின், டொலுடெக்ராவிர். 28 நாள், ஒரு நாளும் தவறாமல் எடுக்க வேண்டும். வைத்தியசாலையில் தவறுதலாகத் தன் கையில் ஊசி குத்திக்கொண்ட தாதிக்கும் இதே வகைக் குளிசைகளைத்தான் கொடுப்பார்கள். ஆகவே கிளினிக் பூட்டியிருக்கும் நாளில் வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், “நேற்று இரவு எச்.ஐ.வி. தொற்றக்கூடிய மாதிரி உறவு நடந்தது, பெப் வேணும், பாலியல் நோய் வைத்தியரோட கதைச்சுப் பாருங்கோ” என்று கேட்கலாம். கவுண்டரில் நிற்பவரிடம் உறவு ஆணோடா பெண்ணோடா என்று விளக்கத் தேவையில்லை. வைத்தியரிடம் மட்டும் எந்த வகை உறவு, எத்தனை மணிக்கு என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மருந்து தேவையா இல்லையா என்று அவர் முடிவெடுப்பது அதை வைத்துத்தான்.

பெப் பிழைப்பது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, ஐந்தாறு நாளில் வயிற்றைக் குமட்டுகிறது என்று நிறுத்திவிடுவது. சாப்பாட்டுக்குப் பின் எடுத்தால் குமட்டல் குறையும். பெரும்பாலானோருக்கு இரண்டு வாரத்தில் தானாகவே அடங்கும். மற்றது, டொலுடெக்ராவிரோடு சேர்த்து கல்சியம், இரும்புச்சத்துக் குளிசை, நெஞ்செரிவுக்கான அன்டாசிட் எடுப்பது. இவை மருந்தைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். டொலுடெக்ராவிரை அவற்றுக்கு 2 மணித்தியாலம் முந்தியோ 6 மணித்தியாலம் பிந்தியோ எடுக்க வேண்டும். நண்பனிடம் மீந்திருந்த இரண்டு குளிசையை வாங்கிப் போடுவது பெப் ஆகாது.

இனி உடம்பின் கதை. மலக்குடலின் உட்தோல் ஒற்றை அடுக்குக் கலங்களால் ஆனது. வாய், பெண்ணுறுப்பு போன்ற இடங்களில் பல அடுக்குகள் இருக்கும். அந்த ஒற்றை அடுக்குக்குக் கீழேயே எச்.ஐ.வி. தேடிப்போகும் நிர்ப்பீடனக் கலங்கள் நெருக்கமாக இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல் போதும். அதனால்தான் சிகிச்சை எடுக்காத தொற்றாளர் ஒருவரோடு ஆணுறையோ தடுப்பு மருந்தோ இல்லாமல் மலவாசல் வழி உறவு கொள்ளும்போது, ஏற்பவருக்கு 10,000 தடவைக்கு 138 தடவை தொற்றலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். செலுத்துபவருக்கு 10,000க்கு 11. வாய்வழி உறவில் ஆபத்து மிக மிகக் குறைவு. 138 என்பது சிறிய எண்ணாகத் தெரியலாம். ஆனால் ஆபத்து தடவைக்குத் தடவை சேரும்: அப்படியான ஒருவரோடு 50 தடவை நடந்தால், தொற்றாமல் தப்பும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதியாகிவிடுகிறது.

“நான் டொப் (செலுத்துபவன்) மட்டும்தான், எனக்கு ஒண்டும் வராது” என்ற பேச்சு இங்கே நிறையக் கேட்கும். ஆபத்து குறைவுதான், இல்லாமல் போகவில்லை. முன்தோலின் உட்புறமும் சிறுநீர்த் துவாரமும் வைரஸ் நுழையும் வழிகள். காத்தான்குடி, ஏறாவூர், சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுப் பக்கம் இதே நம்பிக்கைக்கு இன்னொரு வடிவம் இருக்கிறது: சுன்னத் செய்திருப்பதால் தொற்றாது என்பது. ஆபிரிக்காவில் 2005க்கும் 2007க்கும் இடையில் வெளியான மூன்று ஆய்வுகள், பெண்களோடு உறவு கொள்ளும் ஆண்களுக்குச் சுன்னத் தொற்றை ஏறக்குறைய 60 சதவீதம் குறைக்கிறது என்று காட்டின. அந்தக் கணக்கு ஆண்குறி வழியாக வரும் தொற்றுக்கு மட்டும். ஏற்பவருக்கு அதனால் ஒரு பாதுகாப்பும் இல்லை. சுன்னத் செய்த இரண்டு பேருக்கு இடையிலும் எச்.ஐ.வி. தாராளமாகப் போகும்.

இன்னொரு காலக் கணக்கு இதைவிட முக்கியமானது. தொற்றிய முதல் சில வாரங்களில் இரத்தத்திலும் விந்திலும் வைரஸ் உச்சத்தில் இருக்கும். ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மிக இலகுவாகப் போவது அப்போதுதான். தொற்றியவருக்கோ தனக்குத் தொற்றியதே தெரியாது. 2 முதல் 4 வாரத்தில் பலருக்குக் காய்ச்சல் வரும்: தொண்டை நோ, உடல் உளைச்சல், கழுத்துக் கட்டி, சில வேளை உடம்பில் சிவந்த தடிப்பு. மாரி காலத்தில், நவம்பர் முதல் ஜனவரி வரை, இதே அடையாளங்களோடு யாராவது வந்தால் நம் ஊரில் முதலில் நினைப்பது டெங்கு. இரத்தம் எடுக்கிறார்கள், டெங்கு இல்லை என்று வருகிறது, “வைரல் காய்ச்சல்தான்” என்று பனடோலோடு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஒரு வாரத்தில் காய்ச்சல் போய்விடும், எச்.ஐ.வி. இருந்துவிடும். முந்திய ஒரு மாதத்துக்குள் ஆணுறை இல்லாத உறவு நடந்திருந்து, டெங்கும் இல்லை, காரணமும் தெரியவில்லை என்றால், அந்தக் காய்ச்சலைக் கிளினிக்கில் சொல்லத்தான் வேண்டும்.

ஆணுறைக்கு வருவோம். கொண்டம் என்று கேட்கக் கூச்சப்படுபவர் பிரீத்தி என்று கேட்டால் போதும். குடும்பத் திட்டச் சங்கத்தின் அந்தப் பெயர் 1973இலிருந்து இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. வாங்குவது ஒரு தடை என்றால் அதைவிடப் பெரிய பிரச்சினை வழுக்கி. ஆணுறை வாங்குகிறவன் வழுக்கி வாங்குவதில்லை. வீட்டில் இருப்பது தேங்காய் எண்ணெய், வாஸ்லின், பேபி லோஷன். மூன்றும் எண்ணெய் சேர்ந்தவை. இறப்பரால் ஆன ஆணுறையில் எண்ணெய் பட்டால் அந்த இறப்பர் நிமிடக் கணக்கில் வலுவிழக்கும். கையில் பிடித்து இழுத்துப் பார்த்தால் இது தெரியும்: எண்ணெய் தடவிச் சற்று வைத்த ஆணுறை தொய்ந்து, இழுத்த இடத்தில் பொத்தென்று பிரியும். தண்ணீர் தடவியது முழங்கை வரை இழுபடும். உறவின்போது இந்தப் பிரிவு நடந்தாலும் உணர்வால் தெரியாமல் போகலாம். தேவையானது தண்ணீரில் கரையும் ஜெல், பார்மசியில் கே.வை. ஜெல்லி என்று கேட்டால் புரியும். சிலிக்கோன் வழுக்கியும் சரி. எச்சில் சீக்கிரம் காய்ந்துவிடும். காய்ந்தால் உராய்வு, உராய்ந்தால் கிழிவு.

அடுத்த எதிரி வெயில். கொளுத்தும் பகலில் மோட்டார் சைக்கிள் சீட்டுக்குக் கீழே கிடக்கும் ஆணுறை வெந்துபோகும். பேர்ஸில் வைத்தால் உடம்புச் சூட்டோடு உராய்வும் சேரும். அன்றன்றைக்கு எடுத்துப் போவதற்குச் சட்டைப் பை பரவாயில்லை; இருப்பு வைப்பதற்கு வீட்டில் நிழலான இடம். பாவிக்கும்போது முதலில் காலாவதித் திகதி. பிறகு உறையை விரலால் அழுத்திப் பார்த்தால் உள்ளே காற்று தலையணை போல இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கோ துளை. பல்லால் கிழிக்கக் கூடாது. நுனியைக் கிள்ளிக் காற்றை விட்டு, அடி வரை உருட்டி இறக்க வேண்டும். தலைகீழாக வைத்துத் தொடங்கிவிட்டால் திருப்பிப் போடாமல் எறிந்துவிட்டு வேறொன்று எடுக்க வேண்டும், நுனியில் ஏற்கெனவே கசிவு பட்டிருக்கும். வழுக்கி வெளிப்புறத்தில் தாராளமாக. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. அவை ஒன்றோடொன்று உரசிக் கிழிவதுதான் நடக்கும். முடிந்ததும் தளர்வதற்கு முன் அடியைப் பிடித்துக்கொண்டு வெளியே எடுக்க வேண்டும். உள்ளே நழுவி விடுவது பெரும்பாலும் இந்தக் கடைசி நிமிடத்தில்தான்.

உறவுக்கு முன் மலக்குடலைக் கழுவுவது பற்றி ஒரு வார்த்தை. சவர்க்காரமோ டெட்டோலோ போட்டுக் கழுவினால் மேலே சொன்ன ஒற்றை அடுக்குத் தோல் எரிந்து புண்படும், தொற்று இலகுவாகும். கழுவத்தான் வேண்டுமென்றால் இளஞ்சூட்டு வெறும் தண்ணீர், கொஞ்சமாக, அதுவும் உறவுக்குச் சற்று நேரம் முந்தி.

இதையெல்லாம் செய்ய வெளிச்சமும் நேரமும் வேண்டும். அவை இரண்டும் நம் இளைஞர்களுக்குக் கிடைப்பதில்லை என்பதைச் சொல்லாமல் அறிவுரை மட்டும் சொல்வது நியாயமில்லை. தனி அறை உள்ள வீடு அபூர்வம். அறிமுகம் ‘கிரைண்டர்’ என்ற போன் செயலியிலோ போலிப் பெயரில் உள்ள முகநூல் கணக்கிலோ. சந்திப்பது இருட்டில், அவசரத்தில். போலிக் கணக்கு வைத்து வரவழைத்துப் படம் எடுத்துக் காசு பறிப்பார்களோ என்ற பயம் வேறு. பேச்சில்லாமல் நடந்து முடிகிற உறவில் ‘ஆணுறை இருக்கா’ என்ற கேள்விக்கு இடமே இருப்பதில்லை. அந்தக் கேள்வியைச் சந்திப்பதற்கு முன் போனிலேயே எழுதிக் கேட்டுவிடுவது இலகு. இருட்டில் வாயால் கேட்க வராதது விரலால் வரும். ஐஸ் போதைப்பொருள் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம்: உறவு மணிக்கணக்கில் நீளும், வலி தெரியாது, ஆணுறை மாற்றும் நினைவு வராது.

சட்டமும் இந்த இருட்டின் ஒரு பகுதி. 1883இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் இன்னும் நீக்கப்படவில்லை. அவற்றைத் திருத்துவதற்கான தனிநபர் பிரேரணை அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் தீர்மானித்தது. ஆனாலும் பாராளுமன்றம் அதைச் சட்டமாக்கவில்லை. அதே அரசின் சுகாதார அமைச்சுதான், தேசிய பாலியல் நோய், எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் ஊடாக, ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களை முதன்மையாகச் சேவை போய்ச் சேர வேண்டிய குழுக்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. கிளினிக்குக்கு வருகிறவரைப் பொலிசுக்குச் சொல்வது அங்கே யாருடைய வேலையும் அல்ல. சட்டைப் பையில் ஆணுறை வைத்திருப்பதும் குற்றமல்ல.

ஆணுறையைப் பேசி முடிவெடுக்க முடியாத நிலையில் இருப்பவருக்கு, அதாவது நம் இளைஞரில் பலருக்கு, மிகப் பொருத்தமான கருவி ‘பிரெப்’ என்பது எங்கள் உறுதியான அபிப்பிராயம். தொற்றில்லாதவர் முன்கூட்டியே எடுக்கும் குளிசை இது. ஒரே குளிசையில் 300 மில்லிகிராம் டெனோஃபோவிரும் 200 மில்லிகிராம் எம்ட்ரிசிட்டபினும் இருக்கும். துணையிடம் அனுமதி கேட்கத் தேவையில்லை, அந்த நேரத்தில் எதையும் நிறுத்தத் தேவையில்லை. ஒழுங்காக எடுத்தால் உறவு வழித் தொற்றை 99 சதவீதம் அளவுக்குத் தடுக்கும். அரச பாலியல் நோய்க் கிளினிக்குகள் ஊடாக இலங்கையிலும் இது கொடுக்கப்படுகிறது.

எடுக்கும் முறை இரண்டு. தினமும் ஒன்று என்பது முதலாவது. அடிக்கடி உறவுள்ளவருக்கும், எப்போது நடக்கும் என்று தெரியாதவருக்கும் இதுதான் சரி. மாதத்தில் ஓரிரு தடவை, அதுவும் முன்கூட்டியே தெரியும் என்றால் இரண்டாவது முறை: இரண்டு, ஒன்று, ஒன்று. வெள்ளி இரவு 9 மணிக்குச் சந்திப்பு என்றால், அன்று மாலை 5 மணிக்கு இரண்டு குளிசை; சனி மாலை 5 மணிக்கு ஒன்று; ஞாயிறு மாலை 5 மணிக்கு ஒன்று. முதல் இரண்டும் உறவுக்குக் குறைந்தது 2 மணித்தியாலம், கூடினால் 24 மணித்தியாலம் முந்தி எடுத்திருக்க வேண்டும். சனிக்கிழமையும் உறவு நடந்தால் எண்ணிக்கை நீளும்: கடைசி உறவுக்குப் பின் இரண்டு நாள் வரை தினமும் ஒன்று. பிழைப்பது எப்போதும் பின்னால் உள்ள இரண்டு குளிசைகளில்தான். நடந்து முடிந்துவிட்டது, இனி என்ன என்று விட்டுவிடுகிறார்கள். வைரஸ் உள்ளே வந்திருந்தால் அதை அடக்குவது அந்த இரண்டும்தான்.

தொடங்குவதற்கு முன் மூன்று பரிசோதனை. எச்.ஐ.வி. இல்லை என்று உறுதியாக வேண்டும். ஏற்கெனவே தொற்றியவர் இந்த இரண்டு மருந்தை மட்டும் எடுத்தால் வைரஸ் மருந்துக்கு எதிர்ப்பைப் பழகிக்கொள்ளும். முந்திய மாதத்தில் அந்தச் சந்தேகக் காய்ச்சல் வந்திருந்தால் அதைச் சொல்வது இங்கே இன்னும் முக்கியம். இரண்டாவது ஹெபடைட்டிஸ் பி. பிரெப் மருந்து அந்த வைரஸையும் அடக்கும் என்பதால், தொற்றுள்ளவர் விட்டு விட்டு எடுத்தால் ஈரல் திடீரென்று பாதிக்கப்படலாம். அவருக்கு இரண்டு-ஒன்று-ஒன்று முறை கூடாது. இலங்கையில் குழந்தைகளுக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி 2003இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்கள் மூன்று ஊசியையும் போட்டிருக்கிறார்களா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின். அம்பாறை மாவட்டத்துக்கு இது சம்பிரதாயப் பரிசோதனை அல்ல. தெஹியத்தகண்டிப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் பரவிய பகுதி. வயலில் வேலை செய்து முதுகு நோவுக்கு பார்மசியில் டைக்ளோபெனாக் வாங்கி நாள்தோறும் போடுபவர் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். டெனோஃபோவிரோடு சேரும்போது சிறுநீரகத்துக்குச் சுமை கூடும். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி. பரிசோதனை; மற்றப் பாலியல் நோய்களையும் அப்போதே பார்த்துவிடலாம்.

வீட்டில் இருக்கும் இளைஞனுக்கு இவற்றைவிடப் பெரிய தடையாக இருப்பது போத்தல். 30 குளிசை உள்ள பிளாஸ்டிக் போத்தல், எடுக்கும்போதெல்லாம் கிலுகிலுவென்று சத்தம் போடும். மேலே மருந்தின் பெயர். தம்பியோடு ஒரே அலுமாரி. இந்தச் சத்தத்துக்குப் பயந்து மருந்தை விட்டவர்கள் உண்டு. ஒரு துண்டுப் பஞ்சை உள்ளே வைத்தால் சத்தம் நிற்கும். ஒரு வாரத்துக்கான ஏழு குளிசையைச் சிறிய மூடியுள்ள டப்பியில் எடுத்து வைக்கலாம். மிச்சம் அதன் போத்தலிலேயே, ஈரம் உறிஞ்சும் சிறு பொதியோடு இருக்கட்டும். தகரக் கூரைக்கு நேர்கீழேயும் வாவிக்காற்று படும் ஜன்னலோரமும் வைக்கக் கூடாது. பொலித்தீன் பையில் கட்டி வைத்தால் குளிசை ஈரம் பிடிக்கும்.

பரிசோதனைக்கும் காலக் கணக்கு உண்டு. நேற்று நடந்ததை இன்று கண்டுபிடிக்கும் பரிசோதனை இல்லை. நாளத்தில் இரத்தம் எடுத்து ஆய்வுகூடத்தில் வைரஸின் புரதத்தையும் உடம்பின் எதிர்ப்பொருளையும் சேர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு 18 முதல் 45 நாள் வேண்டும். விரல் நுனியில் குத்தும் உடனடிப் பரிசோதனைக்கு 23 முதல் 90 நாள். ஆகவே சம்பவத்துக்குப் பத்தாம் நாள் ‘நெகட்டிவ்’ என்று வந்த தாளைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு அடுத்த உறவுக்குப் போவது பெரிய தவறு. 45ஆம் நாள் ஒருமுறை, மூன்று மாதம் முடிந்ததும் ஒருமுறை பார்த்தால் கேள்வி தீர்ந்தது. தொடர்ந்து உறவில் இருப்பவர் நாள் எண்ணிக் கொண்டிருக்காமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போவதுதான் நல்லது.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் அம்பாறையிலும் பாலியல் நோய்க் கிளினிக் உண்டு. டொக்டரின் கடிதம் தேவையில்லை, காசு இல்லை. உங்கள் விலாசம் எந்த மாவட்டமாக இருந்தாலும் எந்தக் கிளினிக்குக்கும் போகலாம். களுவாஞ்சிகுடிப் பெடியன் மட்டக்களப்பில் சொந்தக்காரர் கண்ணில் படுவோம் என்று பயந்தால், அம்பாறைக்கோ திருகோணமலைக்கோ கொழும்புக்கோ போவதில் தடை ஒன்றும் இல்லை. கோப்பு இலக்கத்தின் கீழ்தான் இருக்கும். உள்ளே கேட்கும் கேள்விகள் நேரடியானவை: கடைசி உறவு எப்போது, ஆணோடா பெண்ணோடா, ஏற்றீர்களா செலுத்தினீர்களா, ஆணுறை இருந்ததா. வெட்கத்தில் “பெண்ணோட” என்று சொல்லிவிட்டால் சிறுநீர் மட்டும் எடுத்து அனுப்பிவிடுவார்கள். மலக்குடலிலும் தொண்டையிலும் இருக்கும் கொனோரியா சிறுநீரில் தெரியாது, பெரும்பாலும் வலியும் தராது. அங்கிருந்து பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்தால்தான் அகப்படும். சிபிலிஸின் முதல் புண்ணுக்கும் வலி இல்லை. மலவாசலுக்குள் இருந்தால் கண்ணிலும் படாது, சில வாரத்தில் தானாக ஆறும், நோய் மட்டும் தங்கும். ஆரம்பத்திலேயே தெரிந்தால் 24 இலட்சம் அலகு பென்சதீன் பெனிசிலின் ஒரே தடவையில் அதை முடித்துவிடும். இந்தப் புண்களும் அழற்சியும் எச்.ஐ.வி.க்குக் கதவு திறந்து விடுவதால், அவற்றைக் குணப்படுத்துவதும் எச்.ஐ.வி. தடுப்பே.

கிளினிக் வாசலே வேண்டாம் என்பவருக்கு வாய்நீர் சுயபரிசோதனை இருக்கிறது. தேசிய நிகழ்ச்சித்திட்டத்தின் இணையவழிச் சேவையில் கேட்டுப் பெறலாம். அரை மணித்தியாலம் எதுவும் சாப்பிடாமல் குடிக்காமல், பல் துலக்காமல் இருக்க வேண்டும். வெற்றிலை போடுபவர் வாயைக் கொப்பளித்துவிட்டுக் காத்திருக்கட்டும். மேல் முரசில் ஒரு தடவை, கீழ் முரசில் ஒரு தடவை பட்டையால் இழுத்து, திரவமுள்ள குழாயில் நிறுத்த வேண்டும். 20 நிமிடத்துக்குப் பின், 40 நிமிடத்துக்குள் வாசிக்க வேண்டும். ஒரு கோடு ‘சி’ பக்கத்தில் மட்டும் என்றால் நெகட்டிவ். இரண்டு கோடு, இரண்டாவது எவ்வளவு மங்கலாக இருந்தாலும், கிளினிக்கில் உறுதிப்படுத்த வேண்டிய முடிவு. ‘சி’ கோடே இல்லை என்றால் அந்தப் பட்டை செல்லாது. இரவில் தனியாக இருந்து செய்ய வேண்டாம். காலையில், நம்பிக்கையான ஒருவர் போனில் இருக்கும்போது செய்வது நல்லது. பிரெப் எடுப்பவர் இதை நம்பியிருக்கக் கூடாது, இரத்தப் பரிசோதனைதான்.

மத்திய கிழக்குக்குப் போக மெடிக்கல் எடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது கிழக்கில் பழகிப்போன ஒன்று. அந்த மெடிக்கல் எடுப்பது வேலைக்கு ஆளைத் தெரிவுசெய்ய. வளைகுடா நாடுகள் தொற்றுள்ளவருக்கு வேலை விசா கொடுப்பதில்லை. ஏஜென்சிக்குக் காசு கட்டிய பிறகு, ‘அன்ஃபிட்’ என்ற ஒரு சொல்லில், ஆறுதலும் விளக்கமும் இல்லாமல் செய்தியைக் கேட்க நேரும். பாஸ்போர்ட் எடுக்கும் முன்னமே கிளினிக்கில் பார்த்துவிட்டால் அந்த நாளைத் தவிர்க்கலாம்.

முடிவு பொசிட்டிவ் என்றால் அன்றைக்கே உலகம் இடிந்தது போல இருக்கும். ஆனால் சிகிச்சை பெரும்பாலும் நாளுக்கு ஒரு குளிசைதான். 2004 முடிவிலிருந்து இலங்கையில் இலவசம். ஒழுங்காக எடுத்தால் ஆறு மாதத்துக்குள் பெரும்பாலானோருக்கு இரத்தத்தில் வைரஸ் அளக்க முடியாத அளவுக்கு இறங்கிவிடும். இறங்கியதும் உறவு வழியாக மற்றவருக்குத் தொற்றாது. 2019இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்றில், ஒருவர் தொற்றோடு சிகிச்சையிலும் மற்றவர் தொற்றில்லாமலும் இருந்த 782 ஆண் சோடிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஆணுறை இல்லாமல் 76,000 தடவைக்கு மேல் உறவு. துணையிடமிருந்து தொற்றியவர் ஒருவர்கூட இல்லை. ஆகவே சிகிச்சையில் இருக்கும் தொற்றாளரைவிட, பரிசோதனையே செய்யாமல் “எனக்கு ஒண்டும் இல்ல” என்று சொல்லும் ஆளோடுதான் ஆபத்து அதிகம். ஊரில் எல்லோரும் பயப்படுவது நேரெதிராக.

கடைசியாக, கலியாணம் முடித்தவர்கள். கிழக்கில் பெரும்பாலும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் போவார். தங்கைக்கு வீடு கட்டிக் கொடுத்து முடித்து, 28, 30 வயதில் வீட்டாரின் நெருக்கத்தில் கலியாணம் செய்து, ஆண்களோடான உறவையும் விடாமல் இருப்பவர்கள் உண்டு. இருபால் ஈர்ப்புள்ளவர்களும் உண்டு. அவர்களுக்குத் தொற்றினால் செய்தி முதலில் வெளியே வருவது மனைவியின் கர்ப்பகாலக் கிளினிக்கில் ஆகலாம், ஏனென்றால் இலங்கையில் கர்ப்பிணித் தாய்மாருக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் வழமையாகப் பார்க்கப்படுகின்றன. தாயிலிருந்து பிள்ளைக்கு இவ்விரண்டும் போவதை ஒழித்த நாடாக 2019இல் இலங்கை உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது இதனால்தான். பிள்ளை பெரும்பாலும் தப்பிவிடும், ஆனால் தன் உடம்பில் உள்ள செய்தியை அந்தப் பெண் கேட்பது தாயும் சகோதரிகளும் சூழ்ந்திருக்கும் வளவில். கலியாணத்துக்கு முன் ஒரு பரிசோதனை, பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தினமும் பிரெப்: இம்மூன்றையும் மனைவியிடம் ஒன்றும் விளக்காமலே ஒருவர் தொடங்கிவிடலாம். ஏற்கெனவே தொற்று உறுதியாகி, சொல்ல வாய் வரவில்லை என்றால், கிளினிக்கில் அதைச் சொல்லலாம். பெயரைச் சொல்லாமல் துணையைப் பரிசோதனைக்கு அழைக்கவும், மனைவியை அழைத்து வந்து வைத்தியர் முன்னிலையில் சொல்லவும் அங்கே உதவி கேட்கலாம். அவருக்கு நெகட்டிவ் என்று வந்தால் அன்றே அவருக்கும் பிரெப் பற்றிப் பேசலாம். கணவனின் வைரஸ் அளக்க முடியாத நிலைக்கு இறங்கும் வரை அது அவரைக் காக்கும்.